கடையின் பின்னறையில் நடந்த அரசியலமைப்பு வகுப்பு

உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறிப்பு மறந்திருக்காது. "அமெரிக்க அரசியலமைப்பின் பிரதான இயல்புகள்." ஒன்று, எழுதப்பட்டது. இரண்டு, நெகிழாதது. மூன்று, சமஷ்டி. நான்கு, வலுவேறாக்கம். ஐந்து, தடைகளும் சமன்பாடுகளும். ஆறு, நீதிப் புனராய்வு. ரியூசன் கொட்டிலுக்குள்ள இருந்து நான் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பாடமாக்கினேன். பரீட்சை மண்டபத்தில் அப்படியே கொட்டினேன். வெளியில வந்து சைக்கிளை எடுக்கிறதுக்குள்ள பாதி மறந்துபோச்சு. அந்த ஆறு வரிக்குப் பின்னால மனிசர் யாராவது இருந்தினமா எண்டு ஒருநாளும் யோசிச்சதில்லை.

கம்பஸுக்கு வந்த பிறகு, அரசியலமைப்பைப் பாடமாக்கின இன்னொருவரைப் பற்றி வாசித்தேன். அவர் பெயர் அலிஸ் வைன். 1950களில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஜோன்ஸ் தீவில் வாழ்ந்த கறுப்பினப் பெண். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தீவிலிருந்து சார்ள்ஸ்டன் நகரத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், பஸ் ஓடுகிறவர் சொல்லிக்கொடுக்க, மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைச் சொல்லுக்குச் சொல் மனதில் பதித்துக்கொண்டார். ஏனென்றால் அந்த மாநிலத்தில் வாக்காளர் இடாப்பில் பெயர் பதிய வேண்டுமென்றால், அலுவலர் முன்னால் நின்று அரசியலமைப்பை வாசித்துக் காட்ட வேண்டும். அலிஸ் வைன் போனார், "வாசித்தார்", பதிவுச் சான்று கிடைத்தது. ஆனால் அதோடு அவருக்கு மனம் ஆறவில்லை. உண்மையாகவே வாசிக்கப் பழக வேண்டும், எங்கே பழகலாம் எண்டு கேட்டார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலைப் பற்றியது. ஆனால் வாக்குப் போடுகிறதுக்கு ஏன் ஒரு பரீட்சை? அதை விளங்கிக்கொள்ள எங்கட பழைய குறிப்புக்கே கொஞ்சம் திரும்பிப் போக வேண்டும்.

1787இல் பிலடெல்பியாவில் 55 பிரதிநிதிகள் கூடி அரசியலமைப்பை எழுதினார்கள். செப்டெம்பர் 17ஆம் திகதி 39 பேர் கையெழுத்திட்டார்கள். அது "மக்களாகிய நாம்" எண்டு தொடங்குது. அந்த "நாம்" யார்? மூல ஆவணத்தில் "அடிமை" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அடிமைமுறை அதன் எலும்புக்குள்ளேயே இருக்கு. ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை ஆசனம் எண்டு கணக்குப் பார்க்கும்போது, அடிமைப்படுத்தப்பட்டவர்களின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு சேர்க்கப்பட்டது. அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் அவர்களை எண்ணி அவர்களுடைய எசமானர்களின் மாநிலத்துக்குக் கூடுதல் ஆசனம். இந்தப் பேரத்தில் விடாப்பிடியாக நின்ற மாநிலங்களில் தென் கரோலினா முன்னணியில் இருந்தது.

இன்னொரு விடயமும் அந்த ஆவணத்தில் இருக்கு. யாருக்கு வாக்குரிமை என்பதை அது நேரடியாகச் சொல்லவில்லை. மாநிலச் சட்டசபைக்கு வாக்களிக்கத் தகுதியுள்ளவர்கள் பிரதிநிதிகள் சபைக்கும் வாக்களிக்கலாம் எண்டு மட்டும் சொல்லி, தகுதியைத் தீர்மானிக்கும் வேலையை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. "சமஷ்டி: அதிகாரம் மத்திக்கும் மாநிலங்களுக்கும் இடையே பகிரப்பட்டுள்ளது" எண்டு நாங்கள் ஒரே வரியில் எழுதிப் புள்ளி எடுத்தோமே, அந்த வரி ஒரு சாதாரண மனிசிக்கு என்ன செய்யும் எண்டு இங்கதான் தெரியுது.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு மூன்று திருத்தங்கள் வந்தன. 1865இல் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868இல் 14ஆவது, அமெரிக்காவில் பிறந்த எல்லோரும் குடிமக்கள், எந்த மாநிலமும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை ஒருவருக்கும் மறுக்க முடியாது என்றது. 1870இல் 15ஆவது, இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை ஆகியவற்றைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்றது. தென் கரோலினாவின் 1868ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பை எழுதிய மாநாட்டில் பெரும்பான்மையானவர்கள் கறுப்பினத்தவர்கள்தான். எல்லோருக்குமான அரச பாடசாலை என்ற எண்ணத்தை அந்த ஆவணம்தான் அந்த மாநிலத்துக்குக் கொண்டுவந்தது.

இதையெல்லாம் திருப்பி எடுக்கத்தான் 1895இல் இன்னொரு மாநாடு கூட்டப்பட்டது. அப்போது மாநிலத்தில் கறுப்பின மக்களே கூட. ஆனால் மாநாட்டில் இருந்த 160 பேரில் ஆறு பேர்தான் கறுப்பினத்தவர். அதில் ஒருவர் ரொபர்ட் ஸ்மோல்ஸ். அடிமையாகப் பிறந்து, 1862இல் சார்ள்ஸ்டன் துறைமுகத்திலிருந்து எதிரிப்படையின் கப்பலையே ஓட்டிக்கொண்டு தப்பி, பிறகு காங்கிரஸ் உறுப்பினராகவும் இருந்தவர். அவர் எதிர்த்தார். முடிவில் கையெழுத்திடவும் மறுத்தார். பயன் இல்லை. புதிய அரசியலமைப்பின்படி 1898க்குப் பிறகு பதிய வருகிறவர் அரசியலமைப்பின் எந்தப் பிரிவையும் வாசிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். அல்லது 300 டொலர் பெறுமதியான சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும்.

இதில் "கறுப்பர்" என்ற சொல்லே இல்லை, கவனிச்சீங்களா? 15ஆவது திருத்தம் தடுத்தது இனத்தை. இவர்கள் கேட்டது எழுத்தறிவை. ஆனால் அதே மாநிலத்தில்தான் 1740இலிருந்து அடிமைகளுக்கு எழுதப் பழக்குவது குற்றம். 1834இல் வாசிக்கப் பழக்குவதும் குற்றமாக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக எழுத்தைத் தடுத்துவிட்டு, பிறகு வந்து "வாசிக்கத் தெரியுமோ?" எண்டு கேட்டார்கள். 1959இல்கூட, லசிட்டர் என்ற வழக்கில், எழுத்தறிவுச் சோதனை எல்லோருக்கும் ஒரேமாதிரி நடத்தப்பட்டால் அது அரசியலமைப்புக்கு முரணில்லை எண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காகிதத்தில் அது எல்லோருக்கும் ஒரேமாதிரித்தான் இருந்தது.

இனி ஜோன்ஸ் தீவுக்கு வருவோம். அந்த பஸ்காரர் ஏசா ஜென்கின்ஸ். தீவிலிருந்து நகரத்துக்கு வேலையாட்களை ஏற்றி இறக்குவது அவருடைய தொழில். போகும்போதும் வரும்போதும் பயணிகளோட கதைச்சு, வாக்களிப்புச் சட்டத்தைப் படிப்பித்து, எத்தனையோ பேரைப் பதிய வைத்தவர். ஆனால் பஸ்ஸுக்குள்ள நடத்துகிற வகுப்பு எவ்வளவுக்குத்தான் போதும்?

செப்டிமா கிளார்க் இங்கேதான் வருகிறார். 1898இல் சார்ள்ஸ்டனில் பிறந்தவர். தகப்பன் அடிமையாகப் பிறந்தவர். 1916இல், பதினெட்டு வயதில், ஆசிரியையாக முதன்முதலில் போனது இதே ஜோன்ஸ் தீவுக்கு. ஏனென்றால் சார்ள்ஸ்டன் நகரத்தின் அரச பாடசாலைகளில் அப்போது கறுப்பின ஆசிரியர்களை எடுக்கமாட்டார்கள். பிறகு அதை மாற்றக் கையெழுத்து வேட்டை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். வெள்ளை ஆசிரியர்களுக்குச் சமமான சம்பளம் கேட்டு நடந்த வழக்கிலும் நின்றவர். 1956இல் தென் கரோலினா ஒரு சட்டம் கொண்டுவந்தது: அரச ஊழியர் யாரும் கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தில் உறுப்பினராக இருக்கக்கூடாது. கிளார்க் உறுப்புரிமையை மறைக்கவில்லை. நாற்பது வருடம் படிப்பித்தவருக்கு வேலையும் போச்சு, பென்சனும் போச்சு.

வேலை போனவரை டெனசி மாநிலத்தில் இருந்த ஹைலண்டர் மக்கள் பள்ளி கூப்பிட்டு எடுத்தது. மைல்ஸ் ஹோர்ட்டன் என்பவர் 1932இல் தொடங்கிய இடம். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டுப் படிக்கிறது சட்டவிரோதமாக இருந்த காலத்தில் அங்கே அது நடந்தது. மொன்ட்கோமரியில் பஸ் ஆசனத்தை விட்டு எழும்ப மறுத்த ரோசா பார்க்ஸ், அதற்குச் சில மாதங்களுக்கு முன் 1955 கோடையில் ஹைலண்டரில் ஒரு பயிலரங்குக்கு வந்திருந்தார். ஏசா ஜென்கின்ஸை 1954இல் அங்கே கூட்டிக்கொண்டு போனதும் கிளார்க்தான். "உங்கட இடத்துக்கு என்ன தேவை?" என்ற கேள்விக்கு ஜென்கின்ஸ் சொன்னது ஒன்றே ஒன்று: வளர்ந்தவர்களுக்கு ஒரு இரவுப் பள்ளிக்கூடம்.

ஜென்கின்ஸும் ஊராரும் சேர்ந்து நடத்திய முற்போக்குக் கழகம் ஒரு பழைய பாடசாலைக் கட்டிடத்தை வாங்கியது. முன்பக்கம் கூட்டுறவுக் கடை. பின்பக்கம் வகுப்பறை. வெளியில இருந்து பார்க்கிற வெள்ளையருக்கு அது சாமான் வாங்குகிற இடம் மட்டும்தான். 1957 ஜனவரி 7ஆம் திகதி இரவு, அந்தப் பின்னறையில் 14 பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

படிப்பித்தவர் பேர்னிஸ் ரொபின்சன். கிளார்க்கின் உறவுக்காரி. ஆசிரியை இல்லை, சலூன் நடத்தியவர். வேணுமெண்டுதான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்தால் தீவு மக்கள் பேசும் குல்லா மொழியைக் கேட்டு முகம் சுளிக்கலாம், வளர்ந்தவர்களைப் பிள்ளைகள் மாதிரி நடத்தலாம் என்ற பயம். வெள்ளையரின் தயவில் தங்கியிருக்கிற வேலையும் அவருக்கு இல்லை; வாடிக்கையாளர் எல்லோரும் கறுப்பினப் பெண்கள். யாரும் வந்து வேலையை விட்டு நிறுத்த முடியாது.

முதல் நாள் ரொபின்சன் கையில் சிறுவர் பாடசாலைப் புத்தகங்கள் இருந்தன. வந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் அவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டார். தான் ஆசிரியை இல்லை, சேர்ந்துதான் படிக்கப் போகிறோம் எண்டு சொல்லி, உங்களுக்கு என்ன படிக்க வேணும் எண்டு கேட்டார். வந்த பதில்களில் "அரசியலமைப்பு" கடைசிப் பக்கம்தான். தங்கட பெயரை எழுத வேணும். வேதப்புத்தகம் வாசிக்க வேணும். தபால் மூலம் சாமான் வாங்குகிற படிவத்தை நிரப்ப வேணும். காசுக்கட்டளை எழுத வேணும்.

அங்கிருந்துதான் வகுப்பு தொடங்கியது. அட்டையில் பெரிசாக எழுதின தங்கட பெயரின் மேல பென்சிலால் திரும்பத் திரும்ப வரைந்து பழகினார்கள். காசுக்கட்டளைப் படிவத்தைக் கரும்பலகையில் வரைந்து நிரப்பினார்கள். பிறகு வாக்காளர் பதிவு விண்ணப்பம். பிறகு மாநில அரசியலமைப்பின் பிரிவுகள், கடினமான சொற்களை அசை பிரித்து, பொருள் கேட்டு. சுவரில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டியிருந்தார் ரொபின்சன். வகுப்பு முடியிறதுக்குள்ள எல்லோரும் அதை வாசிக்க வேணும் என்பது இலக்கு. வயல்வேலை குறைந்த குளிர்கால மாதங்களில் வாரத்துக்கு இரண்டு இரவு. அந்த வகுப்பிலிருந்து போனவர்கள் வாக்காளர்களாகப் பதிந்தார்கள். செய்தி பரவி வட்மலோ, எடிஸ்டோ தீவுகளிலும் வட சார்ள்ஸ்டனிலும் வகுப்புகள் தொடங்கின. அவற்றுக்கு வைத்த பெயர் குடியுரிமைப் பள்ளிகள்.

டெனசி மாநில அரசு ஹைலண்டரை மூட நடவடிக்கை எடுத்தபோது, 1961இல் இந்தத் திட்டம் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான தென்பகுதி கிறிஸ்தவத் தலைமைத்துவ மாநாட்டுக்குக் கைமாறியது. ஜோர்ஜியாவில் டோர்செஸ்டர் என்ற நிலையத்தில் கிளார்க், டொரதி கொட்டன், அன்ட்ரூ யங் மூவரும் தென் மாநிலங்கள் எங்குமிருந்து வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஐந்து நாள் பயிற்சி. வந்தவர்கள் பட்டதாரிகள் இல்லை. சத்தமாக வாசிக்கத் தெரிய வேணும், கரும்பலகையில் விளங்க எழுதத் தெரிய வேணும், அவ்வளவுதான். பாடம் "குடிமகன் எண்டால் யார்?" என்ற கேள்வியில் தொடங்கும். ஆளாளுக்கு ஒரு பதில் வரும். அந்தப் பதில்களிலிருந்து மெல்ல மெல்ல 14ஆவது திருத்தத்துக்கு வருவார்கள். கூட்டம் கூடவும் அரசிடம் முறையிடவும் உரிமை தரும் முதலாவது திருத்தம், ஊர்வலம் போகப்போகிறவர்களுக்கு வெறும் பாடமாக இருக்கவில்லை. 1957க்கும் 1970க்கும் இடையில் இப்படி 897 பள்ளிகள் நடந்ததாகக் கணக்கு. பலது சமையலறைகளிலும், சலூன்களிலும், மரநிழலிலும் நடந்தவை.

இங்க ஒரு கேள்வி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பரீட்சையே அநியாயம். அந்த அநியாயப் பரீட்சைக்கு ஆட்களைத் தயார்ப்படுத்துகிறது, பரீட்சையை ஏற்றுக்கொள்கிறது மாதிரி இல்லையா? அது மட்டுமில்லை. நல்லாப் படிச்சாலும் பாஸ் பண்ண விடுவார்களா?

மிசிசிப்பியில் நடந்ததைப் பாருங்கள். அங்கே மாநில அரசியலமைப்பின் 285 பிரிவுகளில் அலுவலர் எதைத் தெரிகிறாரோ அதை எழுதி, பொருள் விளக்க வேண்டும். விளக்கம் சரியா பிழையா எண்டு தீர்மானிப்பவரும் அந்த அலுவலரேதான். 1962 ஓகஸ்ட் 31ஆம் திகதி பருத்தித் தோட்டத் தொழிலாளியான ஃபனி லூ ஹேமர் இன்னும் 17 பேரோடு பதியப் போனார். கறுப்பினத்தவருக்கும் பதிய உரிமை இருக்கு என்பதே அவருக்கு அந்த மாதம்தான் தெரிய வந்தது. அவருக்குக் கிடைத்தது 16ஆம் பிரிவு: நடந்து முடிந்த செயலைப் பின்னோக்கிக் குற்றமாக்கும் சட்டங்களையும், ஒப்பந்தக் கடப்பாட்டைக் குலைக்கும் சட்டங்களையும் தடைசெய்யும் பிரிவு. எங்கட சட்டபீடப் பிள்ளைகளே ஒருதரம் யோசிச்சுத்தான் எழுதுவினம். ஹேமர் தோற்றார். வீடு திரும்பியதும் தோட்ட முதலாளி விண்ணப்பத்தை மீளப்பெறு, இல்லாட்டி வெளியேறு என்றார். பதினெட்டு வருடம் வேலை செய்த இடத்தை விட்டு அன்றிரவே வெளியேறினார். 1963 ஜனவரியில் மறுபடி எழுதிச் சித்தியடைந்தார். அதே வருடம் ஜூன் 9ஆம் திகதி, சார்ள்ஸ்டனில் நடந்த குடியுரிமைப் பள்ளிப் பயிற்சியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது வினோனா என்ற ஊரில் கைதுசெய்யப்பட்டு, சிறைக்குள் கொடூரமாக அடிக்கப்பட்டார். அந்தக் காயங்களின் பாதிப்பு சாகும்வரை இருந்தது.

ஆக, படிப்பு மட்டும் பூட்டை உடைக்கவில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும். உடைத்தது 1965 ஓகஸ்ட் 6ஆம் திகதி கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம். தென் மாநிலங்களில் எழுத்தறிவுச் சோதனையை அது நிறுத்தியது. தென் கரோலினா உடனே உயர் நீதிமன்றம் போய், தோற்றது. மிசிசிப்பியில் தகுதியான கறுப்பினத்தவரில் 6.7 சதவீதமாக இருந்த பதிவு, 1967இல் 59.8 சதவீதமானது. பல வருடம் படிப்பித்துக் கிடைக்காதது இரண்டு வருடச் சட்ட அமுலாக்கத்தில் கிடைத்தது.

அப்படியெண்டால் பள்ளிகள் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. பதியப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், போனதுக்காக வேலை இழந்தவர்கள், அடி வாங்கினவர்கள், அதையெல்லாம் நாட்டுக்கு முன்னால் எடுத்துச் சொன்னவர்கள் — இவர்கள் இல்லாமல் காங்கிரஸ் அசைந்திருக்காது. 1964 ஓகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஹேமர் தனக்கு நடந்ததைச் சாட்சியாகச் சொன்னதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பரீட்சை அநியாயமானது என்பதை நிரூபிக்கவே, அதை எழுதக்கூடிய ஆட்கள் தேவைப்பட்டார்கள். வாசிக்கத் தெரியாதவரைத் திருப்பி அனுப்பினால் "தகுதியில்லை" எண்டு சொல்லலாம். வாசித்து, எழுதி, விளக்கிக் காட்டியவரைத் திருப்பி அனுப்பும்போது என்ன சொல்வது?

அதோடு, இந்த வகுப்புகளில் அரசியலமைப்பு ஒரு புனித நூலாகப் படிப்பிக்கப்படவில்லை. இதில் உனக்கு என்ன எழுதியிருக்கு, உன்னிடமிருந்து எதைப் பறிச்சிருக்கு என்ற இரண்டையும் சேர்த்தே பார்த்தார்கள். 1895இன் ஆவணம் பூட்டு. 1868இன் திருத்தம் திறப்பு. இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் எதை எதுக்கு எதிராக நீட்டலாம் எண்டு தெரியும். சோதனை ஒழிந்த பிறகும் அந்த அறிவு ஒழியவில்லை. அந்தப் பள்ளிகளில் படித்தவர்களும் படிப்பித்தவர்களும் ஊர் ஊராகத் தலைமை தாங்கினார்கள்.

செப்டிமா கிளார்க் 1970களில், தன்னை வேலையிலிருந்து நிறுத்திய அதே சார்ள்ஸ்டனின் பாடசாலைச் சபைக்கு வாக்குகளால் தெரிவுசெய்யப்பட்டார். பறிக்கப்பட்ட பென்சனையும் மாநிலம் திருப்பிக் கொடுத்தது. 1987 அமெரிக்க அரசியலமைப்பின் இருநூறாவது ஆண்டு. நாடு முழுக்க விழா. உயர் நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதியரசரும், முன்னொரு காலத்தில் கிளார்க்கின் சம்பள வழக்கை நடத்தியவருமான தர்கூட் மார்ஷல், பிலடெல்பியாவில் எழுதப்பட்டது தொடக்கத்திலேயே குறையுள்ளது, அதைச் சரிசெய்யப் பிறகு வந்தவர்களின் போராட்டம்தான் கொண்டாடத் தகுந்தது என்ற கருத்தில் ஒரு உரை ஆற்றினார். அதே வருடம் டிசம்பர் 15ஆம் திகதி கிளார்க் காலமானார், தான் முதன்முதல் படிப்பிக்கப் போன அதே ஜோன்ஸ் தீவில்.

என்ர பழைய உயர்தரக் கொப்பி இன்னும் வீட்டில் கிடக்கு. போன விடுமுறையில் எடுத்துப் பார்த்தேன். ஆறு இயல்புகளும் நீலப் பேனையில், அடிக்கோடெல்லாம் போட்டு, வடிவாக இருக்கு. மூன்றாவது வரிக்குப் பக்கத்தில், "சமஷ்டி" என்ற சொல்லுக்கு நேரே, பென்சிலால் அலிஸ் வைன் எண்டு எழுதி வைத்தேன். இப்ப தம்பி அந்தக் கொப்பியைத்தான் வைத்துப் படிக்கிறான். அது யார் எண்டு கேட்பான். அங்கிருந்து தொடங்கலாம் எண்டு நினைக்கிறேன்.